கொல்லையில் கால் மணி நேரம்: ஒன்பது ஆண்டுகளாகப் பறவைகளை எண்ணிய அனுபவம்

கும்பகோணத்துக்கு வெளியே, அரசலாற்றங்கரைக்கு நடந்து போய்வரும் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லையில் இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் ஒரு கொய்யாவும், வேலியோரம் செம்பருத்தியும், கிணற்றடியில் ஒரு துவைகல்லும் உண்டு. 2016 பொங்கலன்று காலையில் அந்தத் துவைகல்லில் உட்கார்ந்துதான் முதன்முதலாகப் பறவைகளை எண்ணி இபேர்ட் செயலியில் பதிவு செய்தேன். அன்றிலிருந்து, வெளியூர் போன நாள்களும் உடம்புக்கு முடியாத நாள்களும் நீங்கலாக, வாரத்துக்கு நான்கைந்து காலைகளில் அதே கல்லில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணி வருகிறேன். புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு, இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் எனக்குப் புரிந்தவற்றையும், நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் சொல்ல விரும்புகிறேன்.

இபேர்ட் என்பது அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய பதிவுத்தளம். இந்தியாவில் இதையொட்டிய பணிகளை பேர்ட் கவுன்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு ஒருங்கிணைக்கிறது. ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்றாலும், பலரும் சேர்ந்து எண்ணுவதற்கென்று சில நாள்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலை ஒட்டிய நாள்களில் நடத்திவரும் பொங்கல் தினப் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள்கள் உலகெங்கும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பும் அவற்றுள் முக்கியமானவை. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் எண்ணினால் போதும். பிரிட்டனில் 1979 முதல் நடந்துவரும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு மணி நேரம் எண்ணச் சொல்கிறார்கள். சமையலுக்கும் பள்ளிக்கூட அவசரத்துக்கும் நடுவில் எனக்குக் கிடைப்பது கால் மணி நேரம்தான் என்பதால், அந்தக் குறைந்த அளவே என்னை இத்தனை ஆண்டுகள் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்புகிறேன்.

பயன்படுத்தும் முறை எளியது. இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஓரிடத்தில் நின்று பார்ப்பதாகக் குறித்து, நேரத்தைத் தொடங்கி, பார்த்ததையும் கேட்டதையும் பெயருக்கு எதிரே எண்ணிக்கையோடு இட வேண்டும். பட்டியலை அனுப்புவதற்கு முன் செயலி கடைசியாக ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிவு செய்திருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு கேள்வியில்தான் முழு வேலையின் மதிப்பும் இருக்கிறது என்பது எனக்கு விளங்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

முதல் ஆண்டில் நான் செய்தது என்னவென்றால், மாங்குயில், பொன்முதுகு மரங்கொத்தி, செம்மார்புக் குக்குறுவான் என்று கண்ணுக்கு அழகாகப் பட்டவற்றை மட்டும் எழுதிவிட்டு, காகத்தையும் மைனாவையும் மாடப்புறாவையும் எழுதாமல் விட்டுவிட்டு, கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஆம் என்று சொல்லிவந்தேன். காகம் இல்லாத கும்பகோணம் உண்டா, அதைப் போய் எழுதுவானேன் என்பது என் நினைப்பு. ஆனால் அந்தப் பட்டியல்களைப் படிக்கும் ஓர் ஆய்வாளருக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் ஓராண்டாகக் காகமே இல்லை என்றல்லவா என் பதிவு அவருக்குச் சொல்லியிருக்கும். இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டபோது உண்மையிலேயே மனம் வருந்தியது. பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தக் கேள்விக்கான பதிலை இல்லை என்று திருத்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

இந்தத் தரவிலிருந்து ஒரு பறவை பெருகுகிறதா அருகுகிறதா என்று கணிக்கும் வழியைத் தெரிந்துகொண்டால், முழுப் பட்டியலின், அதாவது அந்தக் கேள்விக்கு உண்மையாகவே ஆம் என்று சொல்லி அனுப்பும் பட்டியலின், அருமை விளங்கும். ஒரு வட்டாரத்தில் நூறு முழுப் பட்டியல்கள் இருந்து, அவற்றில் நாற்பதில் ஒரு பறவை இடம்பெற்றிருந்தது என்றும், பின்னொரு காலத்தில் அதே வட்டாரத்தின் நூறு பட்டியல்களில் இருபதில் மட்டுமே இடம்பெற்றது என்றும் வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் எண்ணினார்கள், எவ்வளவு முயற்சி செய்தார்கள் என்பதையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நின்றால், பறவை குறைந்திருக்கிறது என்று பொருள். ஆக, பறவை எழுதப்படாமல் போன பட்டியலும் எழுதப்பட்ட பட்டியலுக்கு நிகரான சான்று. 'பார்க்கவில்லை' என்பதை 'எழுதவில்லை' என்பதிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றுதான்.

இதன் உண்மையை எங்கள் பக்கத்து மனையில் கண்ணாரக் கண்டேன். அந்த மனை நெடுநாள் காலியாகக் கிடந்தது. ஆடாதொடையும் கருவேலமும் கோரையும் மண்டிய அந்த இடத்திலிருந்து சாம்பல் கதிர்குருவியின் குரல் அநேகமாக ஒவ்வொரு காலையும் கேட்கும். செம்போத்து மதிலுக்கு அடியில் தத்தித் தத்தி நடக்கும். பிறகு ஒரு கோடையில் மனையைச் சமன்படுத்தி வீடு கட்டத் தொடங்கினார்கள். கட்டியவர் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கட்டினோம். அந்த மனையில் இருந்த தையல்சிட்டு எங்கள் செம்பருத்திக்கு மாறிக்கொண்டது. கதிர்குருவி மாறிக்கொள்ளவில்லை. அந்த மாதத்துக்கு முந்தைய பட்டியல்களில் வரிசையாக இருந்த அதன் பெயர், பிந்தைய பட்டியல்களில் ஒன்றில்கூட இல்லை. நினைவை மட்டும் நம்பியிருந்தால், 'முன்பெல்லாம் ஏதோ ஒரு குருவி கத்தும்' என்பதற்கு மேல் என்னால் எதையும் சொல்லியிருக்க முடியாது.

எண்ணுவதும் ஒரு பழக்கம்தான். தவிட்டுக்குருவிக் கூட்டம் முருங்கைக்கு அடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது எண்ணினால் ஒரு முறை ஐந்து வரும், அடுத்த முறை எட்டு வரும். கூட்டமாக இரை தேடினாலும் இடம் மாறும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கடக்கும் என்பதால், முதல் குருவி மதிலை நோக்கிப் பறக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு மதிலின் மேல் தாவும் ஒவ்வொன்றையும் எண்ணுவது என் வழக்கம். கடைசிக் குருவி எப்போதும் சற்றுப் பிந்தியே வரும். கீச்சுக் குரல் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அப்படி எண்ணிய ஏழில், சாம்பல் உடம்பும் மஞ்சள் அலகும் கொண்ட ஆறுக்கு நடுவே, கறுப்பும் வெள்ளையுமாகக் கொண்டையோடு ஒன்று வாயைத் திறந்து இறக்கையைப் படபடத்துக்கொண்டிருந்தது. அது சுடலைக்குயிலின் குஞ்சு. தவிட்டுக்குருவிகள் அதைத் தம் குஞ்சென்று நினைத்து இரை ஊட்டிக்கொண்டிருந்தன. மதிலில் தாவும்வரை காத்திருக்கும் பழக்கம் இல்லையென்றால் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

எங்கும் இருப்பதை எண்ணுவானேன் என்ற கேள்விக்குப் பிணந்தின்னிக் கழுகுகளே விடை. 1980-களில் இந்தியாவில் அவை வெகு சாதாரணமான பறவைகள். ராஜஸ்தானின் கேவலாதேவ் பூங்காவில் பறவையியலாளர் விபு பிரகாஷ் அந்தக் காலத்தில் எண்ணி வைத்த கணக்கு இருந்ததால்தான், 1990-களில் அவர் மீண்டும் எண்ணியபோது எவ்வளவு சரிந்துவிட்டது என்று சொல்ல முடிந்தது. மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி, அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடை மருத்துவத்தில் அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுக் கழுகு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து காகத்தை எண்ணாமல் எழுந்ததில்லை.

நாம் இடும் பட்டியல்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பலர் கேட்கிறார்கள். 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 2020-இலும் 2023-இலும் வெளிவந்தது. இரண்டாம் அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 வகைகளை மதிப்பிட்டு, அவற்றில் 178 வகைகள் பாதுகாப்பில் உயர் முன்னுரிமை பெற வேண்டியவை என்று வகுத்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. நம் பக்கத்து மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையும் குறைந்துவரும் பறவைகளுள் ஒன்று. உலக அளவில் அதன் நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. மயில் பெருகியிருக்கிறது என்றும் அது சொல்கிறது. சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்க, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதையும் பார்த்தால் அது ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று 2020 அறிக்கை காட்டியது. அச்சத்தையும் ஆறுதலையும் அளந்து சொல்ல உதவுவதால்தான் இந்த வேலையை நான் மதிக்கிறேன்.

அடையாளம் காண்பதில் தொடக்கத்தில் தடுமாற்றம் இருக்கும். ஒரு முறை குரலை மட்டும் கேட்டு வைரி என்ற சிறு வேட்டைப்பறவை என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதே குரலைக் கொடுத்தது மின்கம்பியில் இருந்த கரிச்சான் என்பதை நேரில் பார்த்தேன். வைரியைப் போலக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு இரையைப் பறிப்பது அதன் தந்திரம். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்வது பெரிய உதவிதான். ஆனாலும் அது சொல்லும் பெயரைக் கண்ணால் உறுதி செய்த பிறகே இப்போது பட்டியலில் சேர்க்கிறேன். ஐயம் தீராவிட்டால் பெயரை விட்டுவிடுவது குற்றமில்லை. முழுப் பட்டியல் என்பது அடையாளம் காண முடிந்த எல்லாவற்றையும் எழுதுவதுதானே தவிர, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பெயர் சொல்வது அல்ல. வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையை இட்டால் செயலி விளக்கம் கேட்கும். வட்டாரத் தன்னார்வலர் ஒருவரும் சரிபார்ப்பார். ஒரு மாங்குயிலை விரல் தவறிப் பதினொன்று என்று இட்டபோது, அப்படி ஒருவர் மிகுந்த மரியாதையோடு மடல் எழுதிக் கேட்டார். அன்றே திருத்தினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் நண்பகலில், துணி உலர்த்தப் போன என் மனைவி குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். செம்பருத்திக்கு அடியில், நிழலில், ஆறுமணிக்குருவி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பச்சை முதுகு, கண்ணின் குறுக்கே கரிய பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கே இனப்பெருக்கம் முடித்துத் தெற்கு நோக்கி வரும் வழியில் களைத்து இறங்கியிருக்க வேண்டும். அன்று காலைப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட மனம் எவ்வளவோ துடித்தது. ஆனால் காலையின் கால் மணி நேரத்தில் அது அங்கே இல்லை. ஆகவே தற்செயலாகக் கண்டது என்ற வகையில் தனியாகப் பதிந்தேன். அழகான பறவைக்காகக் கணக்கை வளைக்கத் தோன்றும் அந்த ஆசைதான் முதல் ஆண்டில் என் பட்டியல்களைக் கெடுத்தது.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. ஆள்கள் இருக்கும் இடத்தில்தான் பட்டியல்களும் குவிகின்றன. நகரங்களிலிருந்து வரும் அளவுக்கு வயற்காட்டிலிருந்தும் புதர்க்காட்டிலிருந்தும் பதிவுகள் வருவதில்லை. டெல்டாவின் உள்கிராமங்களில் இருப்பவர்கள் எண்ணத் தொடங்கினால் அதற்கு மதிப்பு அதிகம். குயில் கூவாத மாதங்களில் அது கொல்லையிலேயே இருந்தாலும் தெரியாமல் போகும். அதனால் என் பட்டியல்களை நானே ஒப்பிடும்போது சனவரியை சனவரியோடும் சூலையை சூலையோடும் வைத்துப் பார்க்கிறேன். ஒரு கொல்லையின் கணக்கைக் கொண்டு ஒரு பறவையின் கதியைச் சொல்லிவிட முடியாது என்பதையும் மறக்கலாகாது. தனியுரிமை குறித்தும் ஒரு சொல்: பட்டியல் பொதுவில் தெரியும் என்பதால், வீட்டு இடத்துக்குப் பெயர் வைக்கும்போது கதவு எண்ணையோ சொந்தப் பெயரையோ சேர்க்காமல் இருப்பது நல்லது. அலைபேசித் தொடர்பு கிடைக்கும்போதெல்லாம் பட்டியல்களை அனுப்பிவிடவும் வேண்டும். நான் சோம்பிச் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு நாள் பட்டியல்கள், பழைய கைபேசி தண்ணீரில் விழுந்தபோது அதோடு போய்விட்டன. அந்தக் கார்த்திகை மாத இடைவெளி இன்றும் என் கணக்கில் அப்படியே இருக்கிறது.

தொடங்குவதற்கு இருநோக்கிகூடத் தேவையில்லை. முதல் மூன்று ஆண்டுகள் என்னிடம் அது இல்லை. நேரம் மட்டும் மாறாமல் இருக்கட்டும். எனக்கு அது காலை ஆறரை. இன்றும் அந்த நேரத்தில் உட்கார்ந்தேன். காகம் ஒன்பது, மைனா நான்கு, பச்சைக்கிளி ஆறு, தவிட்டுக்குருவி ஏழு, தேன்சிட்டு இரண்டு, செம்பருந்து ஒன்று, தென்னைக்கு மேலே பனை உழவாரன் மூன்று. புதிய வீட்டின் மதிலோரம் அவர்கள் வைத்திருக்கும் அரளியிலும் இட்லிப்பூச் செடியிலும் இந்த ஆண்டு நல்ல அடர்த்தி வந்திருப்பதால், கதிர்குருவியின் குரலுக்காகக் கூடுதலாக ஐந்து நிமிடம் காதைக் கொடுத்தேன். கேட்கவில்லை. நேரத்தை இருபது நிமிடம் என்று குறித்து, கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்லி அனுப்பினேன்.