வெள்ளவத்தை டிக்கெட் கடையும் ரொறன்ரோவுக்கு 14,000 கிலோமீற்றரும்

கொழும்பு காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் டிக்கெட் போடும் கடைகளுக்குக் குறைவே இல்லை. அதில் மாடியில் இருக்கிற ஒரு சின்னக் கடையில்தான் அம்மாவுக்கு ரொறன்ரோ டிக்கெட் போட்டோம். வேலை சுத்தம், போன் எடுக்கிற விஷயம் மகா மோசம்.

போவதற்கு முதலே அண்ணா கனடாவிலிருந்து தூரம் காட்டும் ஒரு இணையத்தளத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கொழும்பு – ரொறன்ரோ சுமார் 14,000 கிலோமீற்றர், பறக்கிற நேரம் பதினேழரை மணித்தியாலம் என்று அதில் இருந்தது. "பதினேழுதானே, அம்மா சமாளிப்பா" என்றார். கவுண்டரில் இருந்த அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தம்பி, இந்த ரூட்டில பிளேன் ஆர் ஓட்டுறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அந்தத் தளங்கள் உருண்டையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, சராசரி வேகத்தால் பிரித்துவிட்டுப் போய்விடும். கோடு இந்தியா, மத்திய ஆசியா, ரஷ்யா தாண்டி ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து என்று போகிறது, ஆனால் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானமே கிடையாது. சிங்கப்பூர் – நியூயோர்க் 15,000 கிலோமீற்றருக்கு மேல், அதை ஒரே மூச்சில் பறக்கிறார்கள், ஆகவே தூரம் மட்டும் காரணமில்லை.

அக்கா ஒரு பழைய கவரைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினார். டுபாய் வரை சுமார் 3,300, அங்கிருந்து ரொறன்ரோ 11,000 சொச்சம். லண்டன் வழி என்றால் 8,700, பிறகு 5,700. எந்த வழியைக் கூட்டினாலும் 14,400க்குக் கிட்டத்தான் வருகிறது, நேர்கோட்டை விடப் பெரிய சுற்றே இல்லை. நேரத்தைத் தின்பது மாறி ஏறுகிற இடம்தான். டுபாய்க்கு நாலரை மணித்தியாலம், பிறகு பதினாலு, நடுவில் மூன்று நாலு காத்திருப்பு என்று எப்படியும் இருபத்திரண்டு ஆகிவிடும். கோடைகாலத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் என்பதால் விடியப்புறம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறினால் அன்று பின்னேரமே போய் இறங்கலாம், உடம்புக்கு மட்டும் அது நடுச்சாமம். வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ரொறன்ரோ – டுபாய் ஒரு மணித்தியாலம் போலக் குறையும்.

ஆன்லைனில் கிடைத்த மலிவான டிக்கெட்டில் மாறி ஏற ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. வீல்செயாரில் போகிற ஆளுக்கு அது சரிவராது என்று சொல்லி, மூன்று மணித்தியால இடைவெளி உள்ளதை எடுத்துத் தந்து, வீல்செயாரையும் அங்கேயே பதிந்தார். லண்டன் வழி என்றால் ட்ரான்சிட் விசா வேணுமா என்றும் பார்க்க வேண்டும் என்றார். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அம்மா முழங்காலோடு கேட்டுக்குக் கேட் ஓடுவதை நினைத்தால் அது பரவாயில்லை.

இனிக் குறை. டிக்கெட் போட்ட பிறகு விமான நேரம் மாறியதாக எனக்கு மெயில் வந்தது, கடையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன் அடித்தால் மணி போகும், எடுக்க மாட்டார்கள், வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். கடைசியில் நேரில் போய் நின்றால் ஐந்து நிமிஷத்தில் சரிபண்ணித் தருகிறார்கள்! கொழும்பில் இருந்து கடைக்கு நேரில் போகக்கூடியவர்கள் தாராளமாகப் போங்கள், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், உட்காரக் கதிரை கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ போனிலேயே முடிக்க நினைப்பவர்கள் வேறு கடை பாருங்கள்.