போனில் டிஎன்எஸ் மாற்றுவதா, செயலிக்குள்ளேயே திருத்துவதா?

தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். நீங்கள் எழுதிய ஆண்ட்ராய்டு செயலி "அன்ஏபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்" (ஹோஸ்ட், அதாவது சேவையகத்தின் முகவரி கிடைக்கவில்லை) என்று நின்றுவிட்டால், முதலில் வைஃபையை அணைத்து டேட்டாவில் திறந்து பாருங்கள். இரண்டிலும் வராவிட்டால் செயலியில் எழுதியுள்ள ஹோஸ்ட் பெயரைச் சரிபாருங்கள். 'எச்டிடிபிஎஸ்' முன்னொட்டோ ஒரு வெற்றிடமோ சேர்ந்து வந்திருக்கலாம். வைஃபையில் மட்டும் விழுந்தால் அந்த வைஃபை தரும் டிஎன்எஸ்ஸில்தான் சந்தேகம். குரோமில் தளம் திறப்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். அது செக்யூர் டிஎன்எஸ் என்ற தனது தனி வழியில் போயிருக்கலாம்.

வைஃபை செட்டிங்ஸில் ஐபியை ஸ்டாட்டிக் (மாறாதது) ஆக்கி, கிளவுட்ஃப்ளேர், கூகுள் தரும் பொது டிஎன்எஸ்களான 1.1.1.1, 8.8.8.8 போடுவது அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே. ரவுட்டர் அதே ஐபியை வேறு போனுக்குக் கொடுத்தால் இரண்டும் தடுமாறும். வீட்டுக்கென்றால் ரவுட்டரிலேயே டிஎன்எஸ்ஸை மாற்றிவிடலாம்.

ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள, டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கி அனுப்பும் பிரைவேட் டிஎன்எஸ் செட்டிங் இதைவிட நல்லது. டேட்டா, வைஃபை இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் 'டிஎன்எஸ்.கூகுள்' என்று பெயர் கொடுத்து வைத்தால், அது பாவிக்கும் போர்ட் 853 அடைக்கப்பட்ட வைஃபையில் பழைய டிஎன்எஸ்ஸுக்குத் திரும்பாது. போனில் மற்றச் செயலிகளும் சேர்ந்து நிற்கலாம்.

இங்கேதான் முடிவு தீர்மானமாகிறது. திருகோணமலையில் ஒருவர் வீட்டில் ஃபைபர், பஸ்ஸில் டேட்டா, உப்புவெளி விடுதியில் லாகின் கேட்கும் வைஃபை என்று மாறிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு போன் எடுத்து செட்டிங்ஸ் சொல்லிக் கொடுக்க முடியாது. அதனால்தான் நாங்கள் செயலிக்குள் திருத்துவதைத் தேர்ந்தோம்.

ஓகேஎச்டிடிபி (செயலி இணையத்தோடு பேச உதவும் லைப்ரரி) பாவிப்பவர்கள் அதன் டிஎன்எஸ் இன்டர்ஃபேஸை எழுதி, முதலில் சிஸ்டம் டிஎன்எஸ்ஸைக் கேட்க வேண்டும். பெயர் கிடைக்கவில்லை என்ற அன்நோன்ஹோஸ்ட் எக்செப்ஷன் பிழை வந்தால் மட்டும், டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பும் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போகட்டும். அது சாதாரண இணையத் தளங்களும் பாவிக்கும் போர்ட் 443இல் போவதால் அடைபடுவது அரிது. சிஸ்டத்தைக் கேட்காமல் அதை மட்டும் நம்பினால் விடுதியின் உள் நெட்வொர்க்கில் மட்டும் உள்ள பெயர்கள் கிடைக்காது. பூட்ஸ்ட்ராப் ஐபிகளை, அதாவது அந்த டிஎன்எஸ் சேவையகத்தின் ஐபி முகவரிகளை, கட்டாயம் கொடுங்கள். இல்லாவிட்டால் டிஎன்எஸ் சேவையகத்தின் பெயரையே பழுதான சிஸ்டத்திடம் கேட்டு, அங்கேயே விழும்.

இதற்கும் எல்லை உண்டு. செயலிக்குள் இணையப் பக்கம் காட்டும் வெப்வியூ இந்த வழியில் வராது. படம் இறக்கும் லைப்ரரிக்கும் இதே ஓகேஎச்டிடிபி கிளையன்ட்டைக் கொடுத்தால்தான் பலன். விடுதி வைஃபையில் லாகின் செய்யாதவரை இதுவும் உதவாது, அதற்கு "வைஃபையில் லாகின் செய்தீர்களா?" என்று தெளிவாகக் காட்டுங்கள். ஐபோனுக்கு வேறு வழி எழுத வேண்டும்.

சோதிக்க, போனின் பிரைவேட் டிஎன்எஸ் செட்டிங்கில், உண்மையில் இல்லாத ஒரு சேவையகப் பெயரைக் கொடுங்கள். குரோமில் செக்யூர் டிஎன்எஸ்ஸை அணைத்துவிட்டால் அதுவும் திறக்காது. அப்போதும் உங்கள் செயலி தரவைக் கொண்டுவந்தால் திருத்தம் வேலை செய்கிறது.