697-ஆ, கம்மின்ஸா, ஹினோவா: பெங்களூரில் பழைய லாரி வாங்கப் போகிறவர்களுக்கு

தண்ணீர் டேங்கர் ஓட்ட ஒரு பழைய வண்டி பார்க்கிறேன், எந்த இன்ஜின் உள்ளதாகப் பார்த்து எடுக்கலாம் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பேச்சு, கம்ப்யூட்டர் இல்லாமல் மெக்கானிக்கல் பம்ப்பே டீசலை அளந்து கொடுக்கிற பழைய பம்ப் இன்ஜின்களைப் பற்றி மட்டும்: டாடா 697, கம்மின்ஸ் 6பிடி, லேலண்டில் வந்த ஹினோ. மூன்றும் ஆறு சிலிண்டர். மூன்றையும் பெங்களூரிலும் சேலம் ரோட்டிலும் வைத்து ஓட்டியிருக்கிறேன்.

697 என்ற பேரிலேயே விவரம் இருக்கிறது. 6 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்). ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 128 மி.மீ., மொத்தம் 5675 சிசி. 1954-லிருந்து 1969 வரை டாடாவுக்கும் டெய்ம்லர் பென்ஸுக்கும் இருந்த கூட்டில் வந்த பரம்பரை அது. வயசான டிரைவர்கள் வாயில் இன்னும் "டாட்டா பென்ஸ்"தான். கம்மின்ஸ் 6பிடியில் 6 சிலிண்டர், பி வரிசை, டி என்றால் டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி. போர் 102, ஸ்ட்ரோக் 120, 5883 சிசி. 1993-ல் டாடாவும் கம்மின்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் கம்பெனி தொடங்கிய பிறகு 1613 மாதிரி வண்டிகளில் இது ஏறியது. அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? எல்லா வித்தியாசமும் டர்போவில் இருக்கிறது. (697-லும் டர்போ வைத்தது உண்டு. நான் சொல்வது டர்போ இல்லாத பழையதை.)

இந்த ஊரில் டர்போவுக்குக் கூடுதல் மதிப்பு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட மெலிசு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த மெலிசான காற்றை அப்படியே இழுத்து, பம்ப் கொடுக்கிற டீசலை முழுசாக எரிக்க முடியாமல் கரும்புகை விடும், இழுவையும் குறையும். டர்போ அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும். சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது 6பிடி ஒரு கியர் மேலேயே நிற்கும்; 697 மூன்றாவதுக்கு இறங்கி முனகும். மேட்டு ரோடு, முழு லோடு என்றால் கம்மின்ஸுக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் டேங்கர் வேலை அப்படியா? ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு போர்வெல்லில் வரிசையில் நிற்கிறீர்கள். முன்னால் ஏழு வண்டி. ஆஃப் பண்ணினால் ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்று டிரைவர் ஐடிலிலேயே விட்டுவைப்பார். அப்புறம் 12,000 லிட்டர், அதாவது 12 டன் தண்ணீரோடு சில்க் போர்டு நெரிசலில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்ந்து போக வேண்டும். டர்போ இன்ஜின் மணிக்கணக்காக ஐடிலில் நின்றால் டர்போ சீல் வழியாக ஆயில் கசியும். வேலை முடிந்து சூட்டோடு சாவியைத் திருப்பி அணைத்தால் டர்போ பேரிங்கில் நிற்கிற ஆயில் கருகும். ஓரிரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணை என்று எத்தனை டிரைவரிடம் சொல்லியும் கேட்க வைக்க முடியவில்லை. டர்போ இல்லாத 697-க்கு இந்தக் கவலையே கிடையாது. அதனால் ஊருக்குள் டேங்கர் என்றால் 697 எடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

ரிப்பேர் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. கம்மின்ஸில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே நீள ஹெட். பிளாக்கில் கம்பெனி லைனர் (சிலிண்டருக்குள் மாற்றிப் போடும் உறை) கிடையாது. தேய்ந்தால் லேத்துக்குத் தூக்கி ரீபோர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். என் வண்டியில் கிருஷ்ணகிரி தாண்டி ஃபேன் பெல்ட் அறுந்தது. டிரைவர் புதுசு. டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். ஹெட் வளைந்துவிட்டது. கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைச் சரியாகத் தளம் பார்க்காமல் புது கேஸ்கெட்டை மட்டும் போட்டு அனுப்பினார்கள். மூன்றே வாரத்தில் ரேடியேட்டரில் குமிழி. இரண்டாவது தடவை வேறு இடத்தில் திறந்தபோது அந்த மெக்கானிக் அண்ணன் ஹெட் மேல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துக் காட்டினார். "பாரு தம்பி, நடுவுல தாராளமா போகுது." அதே ஆள் டேப்பெட் (வால்வு இடைவெளி) வைத்ததும் நினைவிருக்கிறது: இன்லெட் பத்து தவு, எக்ஸாஸ்ட் இருபது தவு (ஒரு தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-3-6-2-4 என்று முணுமுணுத்தபடி. கம்மின்ஸை அந்த மாதிரிக் கை தொட்டால் அது நீண்ட காலம் ஓடும். 697-க்கோ ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் லைனர் பிஸ்டன் செட்டு வந்துவிடும், பிரிக்கத் தெரிந்தவரும் தெருவுக்கு ஒருவர் உண்டு. பம்ப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1951-ல் தொடங்கிய, டீசல் பம்ப் செய்த மைகோ (இப்போது பாஷ்) இந்த ஊர்க் கம்பெனி. அந்தக் காலத்திலிருந்தே பம்ப் காலிபரேஷன் தெரிந்த கைகள் பெங்களூரில் அதிகம்.

ஹினோவைப் பற்றிச் சுருக்கமாக. சத்தம் குறைவு, மைலேஜ் நன்றாக வரும், லேலண்டுக்கு ஓசூரிலேயே ஃபேக்டரி இருப்பதால் ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைப்பதிலும் சிரமம் இல்லை. ஆனால் ஊருக்குள் அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பது என் அனுபவம். நல்ல லேலண்டு மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் தாராளமாக எடுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான குறை புகை. இந்தத் தலைமுறை வந்த காலத்தில் டீசலில் கந்தகம் பல ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்). 2020-லிருந்து வரும் பிஎஸ்-6 டீசலில் 10 பிபிஎம்தான். டீசல் சுத்தமாகிவிட்டது, இன்ஜின் ஆகவில்லை. இழுவை போதவில்லை என்று பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா வருவார். நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) மாற்றி, பம்ப்பை பெஞ்சில் வைத்துச் சரிபார்த்தாலே பாதிப் புகை போய்விடும்.

வண்டி பார்க்கப் போனால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். போனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஆறியிருந்தால் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேலும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கம்ப்ரஷனோ நாசிலோ போயிருக்கிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆவி வந்தால் சரி. குபுகுபுவென்று ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. முழு ஓவர்ஹால் செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும்.