பல வருடமாக டி.சி-3: சிமுலேட்டரில் பழகியவனின் குறிப்பு

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் ஜெட்டுகள் சலித்துப்போன பிறகும் நான் விடாமல் ஓட்டுவது டக்ளஸ் டி.சி-3. 1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்த விமானம். பயணிகள் இரவில் படுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி. ஆர். ஸ்மித் கேட்டதால், முந்தைய மாடலான டி.சி-2-இன் உடலை அகலமாக்கிச் செய்தார்கள். படுக்கை 14, பகல் பயணத்துக்கு இருக்கை 21. டி.சி-2-இல் 14 பேர்தான். கூடுதலாக வந்த அந்த ஏழு டிக்கெட்டில்தான் லாபம்.

வானத்தில் இது பரம சாது. தொல்லையெல்லாம் தரையில். வால் சக்கர விமானம் என்பதால் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கக் காற்றில் மூக்கு லேசாகத் திரும்பினாலும், பின்னாலிருக்கும் எடை அதை இன்னும் தள்ளிவிடும். அப்புறம் ரன்வேயிலேயே ஒரு சுற்றுதான். வால் சக்கரத்தைப் பூட்டியிருந்தாலும், விமானம் நிற்கும்வரை காலுக்கு ஓய்வு கிடையாது. மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கால் மிதியான ரட்டர் பெடல் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள்.

எஞ்சின்தான் எனக்குப் பிடித்த பகுதி. சிமுலேட்டருக்கு வரும் பெரும்பாலான டி.சி-3 மாடல்களில் இருப்பது பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப்: 14 சிலிண்டர், 1200 குதிரைத்திறன். டேக்-ஆஃபில் மேனிஃபோல்ட் அழுத்தம் (சிலிண்டருக்குப் போகும் காற்றின் அழுத்தம்) 48 அங்குலம் பாதரசம், சுழல்வேகம் நிமிடத்துக்கு 2700 சுற்று (ஆர்.பி.எம்). சக்தியைக் குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு ப்ராப் (சுழல்வேகத்தை மாற்றும் ப்ரொப்பெல்லர் நெம்புகோல்), கூட்டும்போது தலைகீழ். வரிசை மாறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும். நல்ல மாடல் இதற்குத் தண்டனை தரும். சில மலிவு மாடல்களில் என்ன செய்தாலும் எஞ்சின் சிரித்துக்கொண்டே ஓடுகிறது, அதற்கு டி.சி-3 எதற்கு?

நிஜத்தில் உள்ள ஒரு சடங்கு மட்டும் நான் பார்த்த எதிலும் இல்லை. இது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் எஞ்சின், நின்றிருக்கும்போது கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். அதனால் முதலில் ப்ரொப்பெல்லரைச் சுற்றிப் பார்ப்பார்கள். இங்கே ஒரு பட்டனோடு சரி.

இன்னொரு எரிச்சல், சக்கரத்தை மடக்கும் நெம்புகோல். அது துணை விமானி இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. இருவர் ஓட்டுவதற்கென்றே செய்த விமானம். தனியாக ஓட்டும் நான் ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் ஒதுக்கிவிட்டேன். ஆட்டோபைலட்டை நம்பித் தூங்கவும் முடியாது. திசையைக் காட்டும் அதன் கைரோ (சுழலும் சக்கரக் கருவி) மெல்ல விலகும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறையாவது காம்பஸைப் பார்த்துத் திருத்த வேண்டும்.