பெசாக் பண்டிகைக்கு முன் ஒரு தெருமுனைக் கொப்பரை: சேவை மதிப்புரை

ஈராக்கில் பிறந்து எருசலேமில் வாழும் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 15ஆம் நாள் யூதர்களின் பெசாக் (பாஸ்கா) பண்டிகை தொடங்குவதற்கு முன், அவருடைய சமையல் பாத்திரங்களைக் கொதிநீரில் மூழ்கவைத்துத் தரும் ‘ஹகாலா’ சேவைக்குத் தூக்கிச் செல்வது ஆண்டுதோறும் என் பொறுப்பு. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய 5 தானியங்களில் புளித்தது எதுவானாலும் அது ‘ஹமேட்ஸ்’. இஸ்ரேலில் 7 நாள் அதை உண்ணவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. தரையில் உதிர்ந்ததைப் பெருக்கிவிடலாம். ஆனால் ஆண்டு முழுவதும் அத்தகைய மாவு வெந்த உலோகப் பாத்திரம் அதன் சுவையைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கிறது என்பதும், எந்த வழியில் வாங்கியதோ அந்த வழியிலேயே அதை வெளியேற்றும் என்பதும் யூதச் சமயச் சட்டத் தொகுப்பான தல்மூத் வகுத்த விதி.

இம்முறை நான் சென்ற இடத்தில் காஸ் அடுப்பின்மேல் ஒரு பெரிய கொப்பரையும் அதன் அருகில் குளிர்நீர்த் தொட்டியும் இருந்தன. கரண்டிகளை வலைப்பையில் நெருக்காமல் இட்டு, நீர் மீண்டும் குமிழிட்டுக் கொதிக்கும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொரு பாத்திரமும் முழுவதும் மூழ்கியதை உறுதிசெய்த பின்னரே எடுத்துக் குளிர்நீரில் அலசினார்கள். முன்பு நான் சென்ற வேறோர் இடத்தில் ஆவி மட்டுமே பறந்துகொண்டிருந்த நீரில் எல்லாவற்றையும் மொத்தமாக முக்கிக் கொடுத்தார்கள். பாட்டி அதை ஏற்காமல் என்னைத் திரும்ப அனுப்பினார்.

இங்கே என்னைக் கவர்ந்தது அவர்களுடைய மறுப்புதான். கொப்பரையருகே நின்ற பெரியவர் என் குண்டானின் கைப்பிடி இடுக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “இது அழுக்கைப் போக்கும் நீர் அல்ல, வீட்டில் தேய்த்துக் கொண்டுவாருங்கள்” என்றார். முதலில் எரிச்சலாக இருந்தது. பின்னர், மனிதன் இறைவனின் சித்தத்தைச் செய்யவிடாமல் தடுப்பது ‘மாவிலுள்ள புளிப்பு’ என்று தல்மூதில் வரும் பிரார்த்தனையைப் பாட்டி சொல்லிக்காட்டியபோதுதான் அந்த மறுப்பின் நியாயம் விளங்கியது. புளித்து உப்பும் மாவைச் செருக்கின் அடையாளமாகக் கருதுபவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் கறையைத் தேய்ப்பது அவரவர் கை வேலை. உள்ளே ஊறியதை வெளிக்கொணர, அது ஊறியபோது இருந்த அதே சூடு வேண்டும். நெருப்பில் நேரடியாகப் பட்ட இரும்புக்கு நெருப்பே வேண்டும் என்பது விவிலிய நூலான எண்ணாகமம் 31:23இல் வேர்கொண்ட விதி. அதனால் எங்கள் பேக்கிங் தட்டைக் கொப்பரையில் போடாமல் காஸ் சுடரில் காய்ச்சித் தந்தார்கள். மண்சட்டிக்கு மட்டும் இந்த முறைகளில் வழியில்லை; அதைக் கழுவிக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம்.

குறை ஒன்று உண்டு. கொப்பரையில் இடுவதற்கு முன் பாத்திரத்தை 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்திருக்க வேண்டும் என்ற அறிவிப்பு, கட்டணப் பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. என்னைப் போன்ற வெளிநாட்டுப் பணியாளர்கள் பலர் வரிசையில் நின்று முறை வந்த பிறகே இதைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள். கட்டணம் பாத்திரத்தின் அளவைப் பொறுத்தது; நியாயமானதே. பண்டிகைக்கு முந்தைய நாள் மாலையில் போகாதீர்கள். 5க்கு 4 மதிப்பெண் தருவேன்.

ஐரோப்பிய மரபு யூதர்களில் பெரும்பாலோர் பெசாக்கில் அரிசியையும் தவிர்ப்பார்கள். பாட்டியின் குடும்ப வழக்கத்தில் அரிசி உண்டு, அதில் கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று 3 முறை பொறுக்கிப் பார்த்த பிறகே உலையில் இடுவார். கொப்பரையிலிருந்து திரும்பிய குண்டானை அடுப்பருகே கவிழ்த்துவிட்டு, இருவரும் வெள்ளைத் துணியில் அரிசியைப் பரப்பி உட்கார்ந்தோம். மூன்றாம் முறையில் ஒரு மணி அகப்பட்டது. ஆகவே நான்காம் முறையும் பார்த்தோம்.