சம்பாரன், பர்தோலி, போச்சம்பள்ளி, கீழத்தஞ்சை: பிள்ளைகளுக்கு எந்தக் கதையை முதலில் சொல்வது?

எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதை கேட்க வருவார்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. ராஜா கதைகள் தீர்ந்துபோன பிறகு, நிலத்துக்காகவும் கூலிக்காகவும் நடந்த போராட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். நான்கு கதைகளைச் சொல்லிப் பார்த்தாயிற்று. கதையில் விவசாயி என்ன செய்கிறார் என்று பார்த்துத்தான் எதை முன்னால் வைப்பது என்று முடிவு செய்கிறேன், ஏனென்றால் அவர் கைகட்டி நிற்க யாரோ வந்து காப்பாற்றிவிட்டுப் போனால் அதுவும் இன்னொரு ராஜா கதைதான்.

சம்பாரனைப் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள், காந்தி வந்தார், வென்றார் என்று. நான் ராஜ்குமார் சுக்லாவிடமிருந்து தொடங்குகிறேன். பிகாரில் சம்பாரன் விவசாயிகள் இருபது கட்டா நிலத்துக்கு மூன்று கட்டாவில் தோட்டத் துரைக்காகக் கட்டாயம் அவுரி போட வேண்டும், அதற்குத் தீன்கட்டியா என்று பேர். சுக்லாவும் அதில் அடிபட்ட விவசாயிதான். 1916 டிசம்பரில் லக்னோ காங்கிரசில் காந்தியைப் பிடிக்கிறார், அப்புறம் கான்பூருக்குப் போகிறார், அகமதாபாத் ஆசிரமத்துக்கே போய் நிற்கிறார், கடைசியில் 1917 ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து கையோடு ரயிலேற்றிக் கூட்டி வருகிறார். சம்பாரன் என்ற பெயரே அதற்கு முன் தனக்குத் தெரியாது என்று காந்தியே எழுதியிருக்கிறார். விடாமல் துரத்தும் இந்த மனிதரைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது. ஊரை விட்டுப் போ என்ற உத்தரவை மீறிய காந்தி மோதிஹாரி கோர்ட்டில் நின்ற காட்சி எல்லோரும் சொல்வதுதான். அதற்குப் பிறகு வக்கீல்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலத்தை ஒவ்வொன்றாக எழுதியதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை, உண்மையில் வேலை நடந்தது அங்கேதான். துணியை ஏன் துவைப்பதில்லை என்று கேட்ட கஸ்தூர்பாவைக் குடிசைக்குள் கூட்டிப் போய், பெட்டியும் இல்லை வேறு துணியும் இல்லை, இருப்பது இந்த ஒரே சேலைதான் என்று ஒரு பெண் காட்டிய இடம் வந்தால் பிள்ளைகள் சத்தமே போட மாட்டார்கள். முடிவில் துரைமார்கள் பறித்த பணத்தில் 25 சதவீதம்தான் திரும்ப வந்தது, 1918இல் சட்டம் வந்து தீன்கட்டியா ஒழிந்தது. அந்த 25 போதுமா என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது, நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பர்தோலி சுலபமான கதை. 1928, குஜராத், நிலவரியை 22 சதவீதம் ஏற்றினார்கள், ஜனங்கள் கட்ட மறுத்தார்கள், ஜப்திக்காரர்கள் எருமைகளை ஓட்டிப் போகாமலிருக்க வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பட்டேலுக்கு சர்தார் என்ற பேர் நிலைத்ததும் அப்போதுதான். ஆனால் இது நிலம் உள்ளவர்களின் போராட்டம். அதே வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கடனுக்கு அடிமைப்பட்டு உழைத்த துப்ளா மக்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. அதனால் இதை முதல் கதையாக வைக்க மாட்டேன்.

போச்சம்பள்ளிதான் பிள்ளைகளுக்கு உடனே பிடித்தது. 1951 ஏப்ரல் 18, தெலங்கானாவில் தலித் குடும்பங்கள் காந்தியவாதி வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் வேண்டும் என்கிறார்கள், கூட்டத்திலிருந்து ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்கிறார். அழகான காட்சிதான், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் எனக்கு இதில் தயக்கம் உண்டு. நிலம் வைத்திருப்பவர் மனசு வைத்தால்தான் நியாயம் கிடைக்கும் என்று குழந்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வட்டாரத்தில் ஐந்து வருஷமாக விவசாயிகள் ஆயுதம் ஏந்திப் போராடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், வினோபா 5 கோடி ஏக்கர் கேட்டு நாடு முழுக்க நடந்து சுமார் 40 லட்சம்தான் வந்தது, அதிலும் நிறைய உழவுக்கு ஆகாத நிலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கீழத்தஞ்சைக் கதைக்கு நான் அரிசி எடுத்து வந்தேன். வீட்டிலிருந்த படி ஒன்று, அதைவிடக் கொஞ்சம் சின்ன டப்பா ஒன்று. இரண்டிலும் மூன்று மூன்று தடவை அளந்து இரண்டு முறத்தில் கொட்டி, இரண்டும் மூன்றுதானே, சரியா என்று கேட்டேன். ஒன்பது வயதுப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தக் குவியல் சின்னது, ஏமாத்துறீங்க" என்றாள். பண்ணையாட்கள் கேட்டதும் இதைத்தான், கூலி நெல்லை அரசு முத்திரை குத்திய சரியான மரக்காலில் அள என்று. கேட்டவர்களுக்குச் சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், சாதியை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 1943இல் வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கன்னடக்காரர், சேரி சேரியாகத் தங்கி அவர்களோடு சங்கம் கட்டினார். 1944இல் மன்னார்குடியில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்த மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியாள் வந்தார் என்றாலும், பண்ணைக்கு முன்னால் கூட்டமாக நின்று அளவைக் கேட்டவர்கள் அந்த ஜனங்களேதான். இந்த நான்கில் முதலில் இதைச் சொல்லுங்கள் என்பேன்.

கீழவெண்மணியை மட்டும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே சொல்வதில்லை. 1968 டிசம்பர் 25, கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட சண்டையில் குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மறைக்க வேண்டியதில்லை, ஆனால் ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் சொல்லாதீர்கள். கேட்ட பிள்ளையைத் தனியே விடவும் கூடாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அந்த வட்டாரத்துக்குப் போய்த் தங்கியதையும், 1981இல் நிலமில்லாதவர்களுக்காக லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி மிராசுதார்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கிப் பெண்கள் பேரிலேயே பதிவு செய்து கொடுத்ததையும் சொன்னேன். பட்டா என்றால் எப்படி இருக்கும், பார்க்கணும் என்றாள் ஒருத்தி. அடுத்த ஞாயிறு வீட்டுப் பத்திரங்களோடு ஒரு பட்டா நகலையும் எடுத்துப் போய்க் காட்டினேன்.