கறுப்பு மூடிக்குள் வெள்ளி: பாவித்த எஞ்சின் வாங்கி 4,85,000 ரூபாயைப் பறிகொடுத்த கதை

இதை எழுத உட்காரும்போது இரவு பதினொரு மணியாகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குத்தான், எனக்கு அந்த எஞ்சினை விற்ற யார்ட்டில் இருந்த ஆள், "அண்ணை, இனி இந்த விசயத்துக்கு எடுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கோபம் ஆறுவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கோபம் ஆறினால் வெட்கம் வந்துவிடும், வெட்கம் வந்தால் ஒரு வரியும் எழுத மாட்டேன். நான் பறிகொடுத்தது 4,85,000 ரூபாய். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குறைந்த செலவில் வீதிக்கும் பந்தயத் திடலுக்கும் பொருந்துமாறு மாற்ற நினைக்கும் எங்கள் பக்கத்துப் பொடியன்களுக்கு, எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை விரிவாகக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பரந்தனில் தண்ணீர் இறைக்கும் மெஷின்களும் இரண்டு சக்கர உழவு இயந்திரங்களும் திருத்தும் சிறிய கடை ஒன்றை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் எஞ்சின் கழற்றிப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன் ஏமாந்தான் என்று இதை வாசிப்பவர்கள் நினைத்து, தங்களுக்கு இப்படி நடக்காது என்று ஆறுதல் அடைந்துவிடக் கூடாது.

என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டின் ரொயோட்டா லெவின், ஏ.ஈ. 101 வகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விலையிலும் இது என் கைக்கு எட்டியதற்கு, அதன் பெயின்ற் முழுவதும் வெயிலில் வெளிறிப்போயிருந்ததும் முன் கதவு ஒன்று வேறு நிறத்தில் இருந்ததும் மட்டுமே காரணம். உள்ளே இருந்தது 4ஏ-எஃப்.ஈ எஞ்சின், 1600 சீ.சீ., 115 குதிரைவலு. அதில் ஒரு குறையும் இல்லை, பெற்றோலும் அளவாகத்தான் குடிக்கும். ஆனால் சாலியபுரத்தில் கஜபா சுப்பர் குரொஸ் பந்தயம் பார்க்கப் போய்ப் புழுதி தின்று வந்தவனுக்கும், ஒரு நாளாவது கட்டுக்குருந்தையின் பழைய விமான ஓடுபாதையில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கும் 115 என்ற எண் போதுமானதாகத் தெரியவில்லை.

கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணையிடம் யோசனை கேட்டேன். அவர் எஞ்சினைப் பற்றி வாயே திறக்கவில்லை. "முதல்ல பிரேக் ஓயிலை மாத்து, நல்ல பாட் போடு, ரயரைப் பார், ஷொக்கைப் பார். எஞ்சின் கடைசி" என்றார். டொட் 3 பிரேக் ஓயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், டொட் 4 என்றால் 230 பாகை, ஆனால் இரண்டுமே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லைகள் 140க்கும் 155க்கும் இறங்கிவிடும், அதனால் திடலில் நாலு சுற்று ஓடி முடிவதற்குள் பிரேக் மிதி தரையைத் தொட்டுவிடும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றிரவே பழைய பொருட்கள் விற்கும் இணைய விளம்பரத் தளம் ஒன்றில் எஞ்சின் தேடினேன். அந்த அண்ணையின் சொல்லைக் கேட்டிருந்தால் அறுபது எழுபதாயிரத்தோடு இந்த வருடம் முடிந்திருக்கும்.

நான் தேடியது 4ஏ-ஜீ.ஈ, இருபது வால்வு. ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள், மூன்று காற்றை உள்ளே எடுக்க, இரண்டு புகையை வெளியே விட. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனித் த்ரொட்டில், அதாவது உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வாய். இந்த எஞ்சின் இரண்டு தலைமுறையாக வந்தது. 1991 முதல் 1995 வரை வந்ததன் டப்பட் கவர், அதாவது எஞ்சினின் மேல் மூடி, வெள்ளி நிறம். அதைச் 'சில்வர் டொப்' என்பார்கள், 160 குதிரைவலு. அதன் பிறகு ஏ.ஈ. 111 கார்களில் வந்ததன் கவர் கறுப்பு. அது 'பிளக் டொப்', 165 குதிரைவலு. ஐந்து குதிரைவலுதானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் பிளக் டொப்பில் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதம், 10.5இலிருந்து 11க்கு ஏறுகிறது, த்ரொட்டிலின் வாய் 42 மில்லிமீற்றரிலிருந்து 45 ஆகிறது, கனெக்டிங் ரொட்கள் இலேசானவை, சுற்றும் கூடுதலாக ஏறும். சந்தையில் விலை வித்தியாசமோ மிகப் பெரியது. இந்த விலை வித்தியாசத்தில்தான் ஏமாற்றி விற்பவர்கள் பிழைக்கிறார்கள்.

விளம்பரத்தில் இருந்தது பிளக் டொப், ஆறு கியர் பெட்டியுடன், வயரிங்கும் எஞ்சினை இயக்கும் கொம்பியூட்டரும் சேர்த்து 4,85,000 ரூபாய். யார்ட் கொழும்பை அண்டிய ஓர் இடத்தில். அழைத்தபோது எடுத்தவர் சிங்களத்தில் தொடங்கி, என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். எங்கிருந்து என்று கேட்டார், சொன்னேன். "நெடுங்கேணி அம்மாவின்ர ஊர் அண்ணை" என்றார். பிறகு பத்து நிமிடம் எஞ்சினைப் பற்றி நாங்கள் கதைக்கவேயில்லை. இந்த முறை காலபோகம் எப்படி, நெல்லை என்ன விலைக்கு எடுக்கிறார்கள், இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்றெல்லாம் கேட்டார். நான் கேட்காமலே விலையில் ஐயாயிரம் குறைப்பதாகச் சொல்லி, கடைசியில் அதையும் பக்கிங் செலவென்று திரும்பச் சேர்த்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன். "எங்கட சனத்துக்கு நான் பிழை விடுவனே அண்ணை?" என்று அவர் கேட்ட அந்த இடத்தில்தான் என் அறிவு படுத்தது. கொழும்பில் எங்கள் பேச்சுத் தமிழைக் கேட்டால் உடம்பு தானாக இளகிவிடுகிறது. அது எங்கள் குணம், அவருக்கு அது தொழில்.

அடுத்த நாள் வீடியோ ஒன்று அனுப்பினார். தரையில் இரும்புச் சட்டத்தில் நிறுத்திய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கவர் கறுப்பாக, கண்ணாடி போலப் பளபளத்தது. த்ரொட்டிலைக் கையால் இழுத்தபோது வந்த சத்தத்தைக் கேட்டு என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த வீடியோவை அன்று இருபது முப்பது தடவை போட்டுக் கேட்டிருப்பேன். முற்பணம் 50,000 ரூபாய் வங்கிக்கு அனுப்பினேன். லொறியில் ஏற்றிவிட்டோம் என்று படம் வந்ததும், ஏப்ரல் 2ஆம் திகதி மிச்சம் 4,35,000 ரூபாயையும் அனுப்பினேன். அதில் பாதி நெல் விற்ற காசு, மிச்சம் மனைவியின் சீட்டு விழுந்த காசு. லொறிக்காரர் முறிகண்டியில் நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது அழைத்தார். பிள்ளையாருக்கு என் பெயரிலும் ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னேன். இறக்கும்போது லொறிக் கூலி 18,000 ரூபாய் வேறு.

வந்த சாமானை இரண்டு வாரம் தார்ப்பாய் போட்டு மூடியே வைத்திருந்தேன். புத்தாண்டு கழித்து, கராஜ் அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தார்ப்பாயை விலக்கி, ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு டப்பட் கவரின் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, வாசர் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். கறுப்பு, வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. கீழே வெள்ளி. "தம்பி, இது கறுப்பில்லை, கறுப்படிச்சது" என்றார். எனக்கு நம்ப மனம் வரவில்லை. கவரை மட்டும் மாற்றியிருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் விட்டம் அளக்கும் வேர்னியரை எடுத்து த்ரொட்டிலின் வாயில் வைத்தார். 42. நாலிலும் 42. பிறகு வயரிங்கை விரித்து, காற்றை அளக்கும் ஏயார் ஃப்ளோ மீற்றருக்கான சொக்கற்றைத் தூக்கிக் காட்டினார். பிளக் டொப்பில் அந்த மீற்றரே கிடையாது. அது மெனிஃபோல்டின், அதாவது காற்று உள்ளே போகும் குழாயின், அழுத்தத்தை அளக்கும் சென்சரில் ஓடுவது. எங்களுக்கு வந்த பெட்டியில் அந்த மீற்றரைக் கழற்றி எடுத்துவிட்டு, சொக்கற்றை மட்டும் மறந்து விட்டிருந்தார்கள்.

அன்றிரவு அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பதினான்காவது நொடியில், படத்தின் இடது ஓரத்தில், த்ரொட்டில்களுக்கு முன்னால் அந்த மீற்றர் பெட்டி தெளிவாகத் தெரிகிறது. அது இல்லாமல் அந்த எஞ்சின் ஓடாது என்பதால், வீடியோ எடுக்கும்போது பூட்டித்தான் இருந்திருக்க வேண்டும். இருபது முப்பது தடவை பார்த்த என் கண், கறுப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறது.

கியர் பெட்டியின் கதை இன்னும் கேவலம். கியர் மாற்றும் தண்டின் குமிழில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்கள் வடிவாகப் பொறித்திருந்தன. பெட்டியோ ஐந்து கியர். ஆறு எண் போட்ட குமிழ் எங்கும் வாங்கலாம் என்பது எனக்கும் தெரியும், ஆனால் 4,85,000 ரூபாய் கொடுத்து ஒரு குமிழை வாங்குவேன் என்று நினைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டார்ட்டரில் சுற்றி, சிலிண்டர்களுக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று மீற்றர் வைத்துக் கொம்பிரஷன் பார்த்தோம். முதல் இரண்டு சிலிண்டர்களில் முள் 170ஐத் தாண்டியது. மூன்றிலும் நான்கிலும் 90ஐத் தொடவில்லை. ஓயில் கொஞ்சம் விட்டுப் பார்த்தும் ஏறாததால் பிஸ்டன் றிங் அல்ல, வால்வோ, எஞ்சினின் தலைப்பகுதிக்குக் கீழே இருக்கும் ஹெட் கஸ்கட்டோதான் என்றார் அண்ணை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றாக விழுந்திருப்பதால் கஸ்கட் என்பதுதான் என் எண்ணமும். ஹெட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் நீங்கள்தான் பழுதாக்கினீர்கள் என்பார்கள்.

பிறகு தொடங்கியது அலைச்சல். ஏப்ரல் கடைசியில் அழைத்தபோது, புத்தாண்டு விடுமுறைக்குப் போன ஆட்கள் இன்னும் வரவில்லை என்றார்கள். மே மாதத்தில் வெசாக் முடியட்டும் என்றார்கள். வெசாக் முடிந்ததும் முதலாளி வெளிநாடு என்றார்கள். படங்கள் அனுப்பினேன். "உங்கட மெக்கானிக்குக்கு இந்த எஞ்சினைப் பற்றித் தெரியாது" என்று பதில் வந்தது. வேர்னியரை வைத்த படம் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நெடுங்கேணித் தம்பியின் இலக்கம் ஜூன் முதல் கிழமையிலிருந்து ஒற்றைக் குறியோடு நிற்கிறது. இரவு பஸ் பிடித்து நேரே போனேன். அங்கே இருந்த ஒரு பொடியன் எனக்குக் கதிரை போட்டு, தேநீரும் தந்து, இரண்டு மணித்தியாலம் இருக்க வைத்து, ஜூன் பௌர்ணமியான பொசன் முடிய முடிவு சொல்வார்கள் என்று அனுப்பிவைத்தான். பில்லைக் காட்டினேன். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பாவித்த எஞ்சின் 1, கியர் பொக்ஸ் 1". எஞ்சின் வகை இல்லை, இலக்கம் இல்லை, 4,85,000 என்ற தொகை மட்டும் தெளிவாக இருக்கிறது. செக்கிங் வொறன்ரி ஏழு நாள் என்று பின்பக்கம் ரப்பர் முத்திரை. அந்த ஏழு நாளும் எஞ்சின் என் கடையில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. விளம்பரத் தளத்துக்கு எழுதினேன். தாங்கள் விளம்பரம் மட்டும் போடுபவர்கள் என்று, எழுதிவைத்த பதில் ஒன்று வந்தது. அந்த விளம்பரம் இன்றும் அங்கே இருக்கிறது, அதே வீடியோவுடன்.

பொசன் முடிந்து, இன்று மாலை வந்த முடிவைத்தான் மேலே முதலில் எழுதினேன்.

எஞ்சினின் சுங்கப் பத்திரம் பின்னால் வரும் என்று சொன்னதும் பொய். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தின் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டக் கடதாசி இல்லாவிட்டால், நல்ல எஞ்சினாக இருந்தாலும் ஏ-9 வீதியில் மறித்துப் பார்க்கும்போது விழி பிதுங்க வேண்டியதுதான்.

விரிவான ஆலோசனை எழுதுவதாக ஆரம்பத்தில் சொன்னேன். நேரம் ஒரு மணியாகிவிட்டது, மனமும் இல்லை, ஆனபடியால் கையில் வருவதை மட்டும் எழுதுகிறேன். இருபது வால்வு எஞ்சின் என்று யாராவது வீடியோ அனுப்பினால் கவரைப் பார்க்காதீர்கள், காற்று மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது சில்வர் டொப். எஞ்சின் வகையும் இலக்கமும் பில்லில் எழுதாத இடத்தில் ஐந்து சதமும் கொடுக்காதீர்கள். கொம்பிரஷன் மீற்றரைக் கையோடு கொண்டு போய், உங்கள் கண் முன்னால் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். சாமான் வந்த அன்றே தார்ப்பாயைத் திறவுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்கள்தான் இருக்கின்றன, 1977 என்ற இலக்கத்தில் கேட்கலாம். புத்தாண்டு, வெசாக், பொசன் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தது என்னுடைய அந்த மூன்று மாதங்களைத்தான் என்பது இப்போதுதான் விளங்குகிறது. எனக்கு இன்னும் 14 நாள் இருக்கிறது. கடிதம் எழுதி முடித்துவிட்டேன், விடிந்ததும் பதிவுத் தபாலில் போகும். பிரேக் ஓயிலை முதலில் மாற்றுங்கள்.

எஞ்சின் கடையின் பின்பக்கம், பழைய பம்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று வந்த ஒரு விவசாயி, இது எத்தனை இஞ்ச் பம்ப் என்று கேட்டார். சுரண்டிய இடத்துக்கு நான் திரும்பப் பெயின்ற் அடிக்கவில்லை. யாருக்காவது சில்வர் டொப் சாமான்கள் தேவைப்பட்டால் வந்து அந்த இடத்தைப் பார்த்து, மூன்றாம் நான்காம் சிலிண்டர்களின் கணக்கையும் கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள்.